கேட் ஆணியில் ஒரு வாட்ச்

இந்த ஊரில் போன் மணி அடிப்பதே இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரைத் தவிர அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் போனைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் ஒரு சத்தம் கிடையாது. வாயைக் கட்டிப் போட்ட மாதிரி. நம் பக்கம் திருத்தங்கலில் பஸ் ஏறினால் சிவகாசி போய்ச் சேர்வதற்குள் எத்தனை சாமிப் பாட்டு, எத்தனை சினிமாப் பாட்டு, எத்தனை வீட்டுச் சண்டை காதில் விழும்! ஜெர்மனிக்கு வந்து இவ்வளவு நாளாகியும் இந்த அமைதி எனக்குப் பழகவில்லை.

என் போன் மட்டும் அலறும். ஒரே ஒரு தரம் அலறிவிட்டு நின்றுவிடும். ஒருநாள் மத்தியானம் பஸ்ஸில் அப்படி அலறியபோது, எங்களுக்கு மேல் வீட்டில் குடியிருக்கும் ஹெல்கா பக்கத்தில் இருந்தார். தன் போனில் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அந்தப் போன் ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் என்னிடம் கேட்டது: "தயவுசெய்து உங்கள் கைப்பேசியின் ஒலியைக் குறைக்க முடியுமா?"

"முடியாதும்மா," என்று அந்தப் போனிடமே சொன்னேன். "எம் மக வேலை முடிஞ்சு நல்லபடியா வெளிய வந்துட்டான்னு அடிக்கிற மணி இது. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. வெளிய வந்ததும் அடிப்பா."

அதைக் கேட்டு ஹெல்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் இல்லை. "இது அநியாயம். கைப்பேசி வைத்திருப்பது உங்கள் மகளின் உரிமை. அவர் தொழிற்சங்கத்தில் புகார் செய்ய வேண்டும்," என்றது போன். நான் தலையை ஆட்டி வைத்தேன். வார்த்தையை மட்டும்தான் அந்தப் போன் தூக்கிக்கொண்டு வரும். விரல் இடுக்கில் வெள்ளி மாதிரி ஒட்டிக்கொள்கிற வெடிமருந்துத் தூளை அது எப்படித் தூக்கிக்கொண்டு வரும்?

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். இதைக்கூட நான் பேசப் பேசப் போன்தான் எழுதுகிறது. என்னை இங்கே கூட்டிவந்த மகன் கணேசன் சரிபார்க்கிறான். ஆனால் பட்டாசுக் கம்பெனி வேலையில் என்னைக் குறை சொன்ன ஆள் கிடையாது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் இடுப்பு ஒடியும்வரை வேலை பார்த்தவள் நான். இப்போது அதே கம்பெனியில் என் மகள் செல்வி. கேட்டில் வாட்ச்மேன் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். பையோடு போனை அதில் மாட்டிவிட்டு, பருத்திச் சேலைக்கு மேல் புருஷன்மாருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, துணி உரசி உடம்பில் ஏறிய கரண்ட் மருந்தில் பொறியாகாமல் இறங்குவதற்காக, வேலை நடக்கிற செட்டுக் கொட்டகை வாசலில் செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மணி அடிக்கிற வழக்கம் பட்டன் போன் காலத்தில் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கே டீக்கடையில் இருந்த காசு போடுகிற போன்தான். பட்டன் போன் வந்ததும் காசு கரையாமல் இருக்க மிஸ்டு கால். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்ததும் செல்வி ஒரு மணி அடித்துக் கட் பண்ணுவாள், நான் உலை வைப்பேன். இப்போது முகத்தைப் பார்த்து மணிக்கணக்கில் பேசலாம், காசே கிடையாது. ஆனாலும் அந்த ஒற்றை மணியை நாங்கள் விடவில்லை.

ஒரு சீசனில் பக்கத்துக் கம்பெனியில் வெடித்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது புகையைவிட என்னைக் கலங்கடித்தது அந்தக் கேட்டுச் சுவர்தான். அத்தனை ஆணியிலும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. எதை எடுப்பது, எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த வாட்ச்மேன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் யாரோ ஒரு வீடியோவை அனுப்பினார்கள். விஸ்வநத்தத்தில் வெடி விபத்து என்று பேர் போட்டு, வானம் மறைக்கிற புகை. செல்விக்கு அடித்தேன். மணி போனது, எடுக்க ஆள் இல்லை. எந்த ஆணியில் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஆணிக்காரி இருக்கிறாளா என்றுதான் தெரியாது. அங்கே சாயங்காலமாகி, இங்கே மத்தியானம் அவள் ஒற்றை மணி அடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அது மெஷின் செய்த பொய்ப் புகையாம். "இப்பல்லாம் இல்லாத தீயக்கூட கம்ப்யூட்டரே உண்டாக்கிரும்மா," என்றான் கணேசன். பொய் என்று தெரிந்தும் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைப் பார்க்கச் சகியாமல் அவன் அக்காவுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினான். போனே தேவையில்லை, உள்ளேயே சிம் இருக்கிறது. கையில் கட்டினால் நாடி துடிப்பதை இங்கே இவன் போனில் பார்க்கலாம்.

ஒருநாள் காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போனை நீட்டினான். "அம்மா, இங்க பாரு. அக்கா நாடி!" போனில் சின்னதாக ஒரு சிவப்பு நெஞ்சுப் படம் துடித்தது. பக்கத்தில் நம்பர் ஏறி ஏறி இறங்கியது. எனக்கும் ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனது.

"அங்க இப்ப மணி என்னலே?"

"பதினொண்ணு இருக்கும்."

"பதினொரு மணிக்கு அவ மருந்துச் செட்டுக்குள்ளல்ல இருப்பா?"

அவன் முகம் செத்துவிட்டது. அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. உடனே, "வாட்சுக்கே அடிச்சு வெளிய வரச் சொல்றேன்," என்று விரலைக் கொண்டுபோனான். நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கைய எடுலே! மணி அங்கன மருந்துக்கு நடுவுல அடிக்கும்."

கம்பெனி ஆபீசுக்குச் சொன்னால் ஃபோர்மேன் கத்திக்கொண்டு ஓடுவார். அவள் பதறுவாள். பதறுகிற கை எதன்மேல் இருக்கும்? அதனால் ஆணியில் தொங்குகிற போனுக்கே திரும்பத் திரும்ப அடித்தோம், சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாள் என்று. அதுவரை அந்தச் சிவப்பு நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் தன் பிள்ளையின் நாடி நம்பர் மறைந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டது இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "எம்மா, என்னாச்சு? இம்புட்டு மணி அடிச்சிருக்கீக? ஒனக்கு ஒடம்புக்கு ஏதும்..."

"ஏட்டி, கையில என்ன கட்டியிருக்க?"

"நீதான சோறு எறங்கலேன்ன. நான் உசுரோட இருக்கேன்னு பாத்துக்கிட்டாவது தின்பேன்னுதான்... எம் வீட்டுக்காரவுக சட்டக் கை நீளம்ல, வெளிய தெரியல."

"பேட்டரியக் கையில கட்டிக்கிட்டு எந்தச் சாமியக் கும்புடத் தகட்டத் தொட்ட?"

"கத்தாதம்மா, வாட்ச்மேன் அண்ணன் பாக்காரு."

"பாக்கட்டும். கழட்டு. கழட்டி ஆணியில மாட்டு. ஓம் பக்கத்துல ஒக்காந்து வேல பாக்குற பொம்பளைகளுக்கும் எங்கயோ ஒரு ஆத்தா இருக்கா."

"கழட்டிட்டா நான் இருக்கேனா இல்லையான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். வெளிய வந்து மணி அடி. அது போதும்."

அவள் குரல் என் காதில் இருக்கும்போதே கணேசன் கையில் இருந்த நெஞ்சு நின்றது. நம்பர் இருந்த இடத்தில் வெறும் கோடு. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இனிமேல் போன் மூக்குக் கண்ணாடிக்குள் வருமாம், மோதிரத்துக்குள் வருமாம், அதற்கப்புறம் தோலுக்கு அடியிலேயே வைத்துவிடுவார்களாம். கணேசன் ஆசையாகச் சொல்கிறான். வரட்டும். அப்படி வந்துவிட்டால் எங்கள் சனம் கேட்டில் எதைக் கழற்றி மாட்டும் என்று கேட்டேன்.

இங்கே அடுப்பில் தீயே கிடையாது, கண்ணாடிதான் சூடாகிறது. ஆனாலும் போனை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போக எனக்கு மனசு வராது. வீட்டு வாசலில் கணேசனை ஒரு ஆணி அடிக்கச் சொல்லி அதில்தான் மாட்டுகிறேன். மத்தியானம் ஆனால் சமையலை முடித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, செருப்பு வைக்கும் பலகைமேல் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். நேற்று மாடிப்படி ஏறி வந்த ஹெல்கா என்னைப் பார்த்து நின்றார். அவர் போன் கேட்டது: "நீங்கள் வெளியே கிளம்புகிறீர்களா, இப்போதுதான் உள்ளே வருகிறீர்களா?"

நான் ஆணியைக் காட்டினேன். அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஆணியில் போன் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வியின் ஒற்றை மணி இன்னும் அடிக்கவில்லை.