ஓடுதளத்து ரயிலும் கொப்பரைக் களமும்

எங்கள் ரயில் எந்த ஊருக்கும் போகாது. தென்னந்தோப்பின் இந்த முனையில் கிளம்பி அந்த முனையில் நிற்கும்; கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே திரும்பி வரும். இதை விளக்கிச் சொன்னபோது என் சம்சாரம், "அதுக்கு நம்மூட்டு ஊஞ்சலே போதுமுங்களே" என்றாள். சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் தோப்புக்குப் போய்விடுவேன்.

தோப்பு என் நண்பருடையது. கோயமுத்தூரில் பழைய மில் குடும்பம். ஊட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் எங்களைவிட அழகான கொங்குத் தமிழ். மூடிக்கிடந்த ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்த குட்டி நீராவி எஞ்சின் பழைய இரும்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அதை எங்கே ஓட்டுவது என்று யோசித்தார். நான் லேத் பட்டறைக்காரன், தேய்ந்த பாகங்களைக் கடைந்து கொடுத்தேன். ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாய்லரைப் பார்த்துக்கொண்டார். தண்டவாளம் போட எங்களோடு தோட்டத்து ஆட்கள்.

தோப்பு கிணத்துக்கடவுக்குக் கிழக்கே. அதை ஒட்டியே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் கிடக்கிறது. விமானம் வந்து எத்தனையோ காலமாயிற்று. கான்கிரீட் மட்டும் அசையவில்லை. அந்த ஓடுதளத்தின் ஓரமாகவே ரயில் போனால் எவ்வளவு பொருத்தம் என்று நண்பருக்கு ஆசை. டீக்கடையில் ஒருத்தர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏரோப்ளேன் எறங்காத எடத்துல ரயில் உடறீங்க. அடுத்து கப்பலுங்களா?" கப்பலுக்கு வாய்க்காலில் தண்ணி வரட்டும் என்று டிரைவர் பதில் சொல்வார்.

ஓடுதளத்தில் விமானம் இல்லையே தவிர ஆள் உண்டு. வெயிலில் கொதிக்கிற அந்தக் கான்கிரீட் கொப்பரை காய வைப்பதற்கென்றே போட்டது போலிருக்கும். ஒரு அம்மணி அங்கே களம் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தேங்காயை உடைத்து வைக்கிற தகரக் கொட்டகை தோப்புப் பக்கம். காய வைப்பது ஓடுதளத்தில், அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி. நடுவில் தள்ளுவண்டி போக ஒரு மண் தடம். நண்பரின் தோட்டத்துத் தடம்தான், ஆனால் வருசக்கணக்காக அம்மணியின் வண்டிதான் அதில் போய்வந்தது.

அந்தத் தடத்துக்குக் குறுக்கே நாங்கள் முழங்கால் உயரத்துக்கு மண் மேடு போட்டு, ஜல்லி கொட்டி, தண்டவாளம் பதித்தோம். இந்த முனையில் எஞ்சின் கொட்டகையும் வேலியும் வந்துவிட்டன. வேலை நடந்த ஞாயிறெல்லாம் அம்மணி தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்தார். "நல்லாப் பண்ணுங்க" என்றார். நாங்களும் குடித்துவிட்டு, அவருக்கு இதில் வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வந்தவனுக்கும் முதலில் மோர்தான் கொடுப்பார்கள். தாகத்தில் யாருக்கும் அது நினைவில்லை.

ஒரு ஞாயிறு மோர் தாமதமாக வந்தது. அம்மணி தோப்பின் அந்தக் கோடி வரைக்கும் தள்ளுவண்டியைத் தள்ளிப் போய், சுற்றிக்கொண்டு வந்திருந்தார். முந்தானையெல்லாம் வேர்வை. ஏன் இப்படிச் சுத்தறீங்க என்று டிரைவர் கேட்டதற்கு, நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்ணா என்றார். டிரைவர் சிரித்தார். நான் மேட்டைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன். நண்பரும் பார்த்தார். அன்றைக்கு யாரும் இரண்டாவது டம்ளர் மோர் கேட்கவில்லை.

பொழுதோடு நண்பரும் நானும் அம்மணியின் தகரக் கொட்டகைக்குப் போனோம். நேராக விஷயத்துக்கு வர இரண்டு பக்கமும் வாய் வரவில்லை. மாடு கன்று போட்டது, மகளுக்குக் காலேஜ் கிடைத்தது எல்லாம் பேசி முடித்து, கடைசியில் நண்பர் தடத்தைப் பற்றி இழுத்தார். உங்க தோட்டமுங்க, நான் என்ன சொல்றதுங்க என்றார் அம்மணி. நண்பர் விடாமல் நின்றார். அப்புறம்தான் அது வந்தது.

"வெயில்ல சுத்தறது எனக்குப் பெருசில்லீங்க. மழைன்னு வந்தா சுத்திப்போய் எடுத்தாற முடியாதுங்க. ஒருக்கா நனைஞ்சு பூசணம் புடிச்சா யாவாரி நம்ம களத்தையே திரும்பிப் பாக்க மாட்டான்."

தண்டவாளத்துக்கு நடுவிலும் இரண்டு பக்கமும் மண் நிரவி, வண்டி கடக்கத் தடம் போட்டுத் தருவதாக நண்பர் சொன்னார். ஆனால் முதல் ஓட்டத்துக்கு வைத்த எஞ்சின் பூசைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்த கையோடு என்றார். சரிங்க என்றார் அம்மணி. அந்தச் சரியும் மோர் மாதிரிதான்.

பூசையன்று காலையிலிருந்தே டிரைவர் கரி போட்டு நீராவி ஏற்றினார். எஞ்சினோடு வந்த, ஒரு காலத்தில் கரும்பு ஏற்றின திறந்த பெட்டிகளில் ஜமக்காளம் விரித்து பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தோம். நண்பரின் தாய்மாமன் வெள்ளை வேட்டியில் முதல் சேரில் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று ஈரமாக அடித்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஓடுதளத்தில் அம்மணியும் அவர் வீட்டுக்காரரும் மட்டும் ஓடி ஓடி மூட்டை கட்டுவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. களம் நிறையக் கொப்பரை.

நண்பர் கையில் கற்பூரத் தட்டோடு ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை என்னிடம் கொடுத்தார்.

"சேரையெல்லாம் எறக்குங்க. மாமா, நீங்களும் கொஞ்சம் எறங்கோணுமுங்க. வண்டி கொப்பரைக்குப் போகுது."

இதுக்கா என்னை வேட்டி கட்டிட்டு வரச் சொன்னே என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டியதும் அவர்தான் முதலில். வண்டி ஊதிக்கொண்டு போய்க் களத்துக்கு நேராக நின்றது. ஒறம்பரை மொத்தமும் ஓடுதளத்தில் இறங்கி, கூடை, சாக்கு, கைக்கு வந்ததிலெல்லாம் அள்ளிப் பெட்டிகளில் கொட்டியது. மேலே ஜமக்காளத்தை மூடி, பின்பக்கமாக ஓட்டி வந்து அம்மணியின் கொட்டகை முன்னால் நிறுத்தினார் டிரைவர். மறுபடியும் போனோம். கடைசிக் குவியலை எடுக்குமுன் மழை பிடித்துக்கொண்டது; அது நனைந்தது. மற்றதெல்லாம் தகரத்துக்கு அடியில்.

மழைச் சத்தத்தில் எல்லாரும் கொட்டகைக்குள் நெருக்கி நின்றோம். மாமாவின் வேட்டி கரியும் சேறுமாக இருந்தது. அம்மணி தூக்குப்போசியைத் திறந்து மோர் ஊற்றினார். நண்பர் டம்ளரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் கேட்டார்: "அம்மணி, இது எந்த மோருங்க?"

அவர் புரிந்துகொண்டு சிரித்தார். "பயப்படாம குடிங்க. இது நெசமாலும் மோருதானுங்க."

மழை விட்ட மறுநாளே தடம் போட்டோம். பூசையை மறுபடி வைக்கலாமா என்று கேட்டதற்கு, கொப்பரையில ஆரம்பிச்சாச்சு, இனி எதுக்கு இன்னொருக்கா என்று மாமா சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் ஏறுகிறார்கள். தடத்தருகே வந்ததும் வண்டி நின்று, தள்ளுவண்டி போன பிறகுதான் நகரும்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் எனக்கு ஒரு போன் வரும். அம்மணிதான்.

"ஏனுங்ணா, நாளைக்கு வண்டி உண்டுங்களா? வானம் ஒரு மாதிரி இருக்குது. கடைசியில ஒரு பெட்டி மட்டும் காலியா உட்டு வையுங்க."