கம்பளத்தைச் சுற்றி நடந்தவர்கள்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. டிக்கெட் எடுக்காதவன் முகத்தை மாற்றிக்கொள்வான், கால் மட்டும் பின்வாசலைப் பார்த்தே நிற்கும் என்பது அவர் அனுபவம். பால்காரர் முதல் சம்பந்தி வரை யாரையும் காலிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார். வீட்டில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர்.

அந்தக் கண்ணோடு வீடு வாங்குவது நடக்கிற காரியமா? ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு என்றார். இன்னொன்றில் வீட்டுக்காரர் அளவுக்கு மீறிச் சிரிக்கிறார் என்றார். வாடகை வீடுகளில் மூட்டை கட்டியே அலுத்துப்போன மனைவி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கறோம். நீங்க வாயத் திறந்தீங்க, அவ்வளவுதான்!"

அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லவில்லையே.

ஹால் நடுவில் புதுக் கம்பளம். அதன்மேல் ஒரு நாற்காலிகூட இல்லை. வீட்டுக்காரர் "இப்படி வாங்க" என்று சுவரோரமாகவே அழைத்துப்போனார். சரி, போகட்டும். ஆனால் காபி கொண்டுவந்த அவர் மனைவியும் நேரே வராமல் சுவரை ஒட்டிச் சுற்றி வந்தாள். சொந்த வீட்டில் யாராவது இப்படிச் சுற்றி நடப்பார்களா?

"தையல் மெஷினை நடுவுல, ஜன்னலுக்கு நேரா போட்டுக்கலாம். நல்ல வெளிச்சம்" என்றாள் கண்டக்டரின் மனைவி.

"ஓரமா போடுங்கம்மா, அதான் அழகு" என்றார் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே.

"வேற குறை ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"தங்கமான வீடும்மா."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். கண்டக்டருக்கு நாக்கு துறுதுறுத்தது; கடித்துக்கொண்டார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னலைப் பார்க்கப் போகிறவர்போல நேரே நடந்து, கம்பளத்தில் ஒரு காலை வைத்தார்.

"ஐயோ, அங்க வேணாம்!" வீட்டுக்காரரின் மனைவி அலறிவிட்டாள்.

காலுக்கடியில் தரை லேசாக அமுங்கியது. சட்டென்று பின்வாங்கினார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடியில பழைய செப்டிக் டேங்க். அதுமேலதான் ஹாலை இழுத்துக் கட்டினோம். நீங்க அதப்பத்திக் கேக்கலையே..."

"குறை இருக்கான்னு கேட்டேனே அண்ணே." அவள் கைப்பையை மூடினாள்.

தெருவில் இருவரும் நடந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் கண்டக்டருக்கு வரவில்லை. அவள் ஆசைப்பட்ட வீடு போய்விட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தெருமுனையில் அவள் நின்றாள். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷினப் போட்டுக்கிட்டு நாள் பூரா நான் அங்கதானே உக்காந்திருப்பேன்" என்றாள்.