முக்கால் மணி கழித்து வந்த கோடு

என் நாத்தனார் பூனைக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பூனை என்றாலே அவளுக்கு ஆகாது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலை அது ஒன்றுதான். பதினொரு வருடமாகக் கூண்டு கழுவுகிறாள், மணல் தட்டு மாற்றுகிறாள், மருந்து ஊட்டுகிறாள். இன்றுவரை அவள் ஒரு பூனையைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பதால் அங்கே அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர்.

மூன்று மாதம் முன்பு அங்கே இரண்டு குட்டிகள் வயிறு வீங்கிச் செத்தன. பூனைகளுக்கென்றே உள்ள கொரோனா, மனிதருக்கு ஒட்டாது. பெரும்பாலான பூனைகளுக்கு லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும், சிலவற்றை மட்டும் கொன்றுவிடும். பயந்துபோன மேனேஜர் ரேபிட் டெஸ்ட் கிட் ஒரு பெட்டி வரவழைத்தார். பூனையின் கழிவைத் தொட்ட பஞ்சுக்குச்சியை மருந்துத் தண்ணீரில் கலக்கி, சின்ன அட்டையில் மூன்று சொட்டு விட்டால் பத்து நிமிடத்தில் தெரியும். ஒரு கோடு என்றால் கிருமி இல்லை. இரண்டு என்றால் இருக்கிறது. இருந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவது என்று தீர்மானம்.

எந்த வேலையையும் வரிசையாகச் செய்துவிட்டு மொத்தமாகப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். கம்பவுண்டரும் பதினான்கு பூனைக்கும் ஒரே மூச்சில் சொட்டு விட்டு, அட்டைகளை ஜன்னல் மேடையில் அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வர முக்கால் மணி. ஒன்பது அட்டையில் மங்கலாக இரண்டாம் கோடு.

"ஒன்பது போச்சு," என்றார்.

"எது போச்சு? உங்க பத்து நிமிஷமா?" நாத்தனார் பெட்டியிலிருந்த தாளை நீட்டினாள். "பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல பாக்காதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"ஜட்ஜம்மா, நீங்க போய்க் கூண்டைக் கழுவுங்க."

நான் படித்த நோயாளி கவனிப்புப் பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தந்தது இது: நேரம் தவறிப் பார்த்த அளவு, அளவே இல்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தாளைப் படித்தாள், அவ்வளவுதான்.

மேனேஜர் வந்தார். "என்னம்மா பிரச்சினை? ஊசி போடச் சொல்லி ஆர்டர் போட்டாச்சு."

"ஆர்டரை மடிச்சு வைங்க சார். இவரு டீ குடிச்சதுக்கு ஒன்பது உயிரா?" கூண்டுகளின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "திரும்ப எடுங்க. ஒவ்வொண்ணா. நான் மணி பாக்கறேன்."

எடுத்தார்கள். எட்டுக்கு ஒரே கோடு. கடைசியாக ஒற்றைக்காதுக் கடுவன். ஆறே நிமிடத்தில் இரண்டு கோடு, பட்டை பட்டையாக.

மேனேஜருக்கு உயிர் வந்தது. "இப்ப என்ன சொல்றீங்க?"

"இருக்கு. ஒத்துக்கறேன்."

"அப்போ சாவியக் கொடுங்க."

"கிருமி இருக்குன்னுதானே கோடு சொல்லுது? சாகப்போறான்னா சொல்லுது? காலையில ரெண்டு கிண்ணம் தின்னான், கம்பவுண்டரைப் பிறாண்டினான். இவனா நோயாளி?"

"மத்ததுக்குத் தொத்திக்கிட்டா?"

"சாமான் ரூம் சும்மாதானே கிடக்கு? தனித் தட்டு, தனி மணல், தனிக் கையுறை. நானே பாத்துக்கறேன்."

"உங்க வேலை போயிடும்மா."

"போகட்டும். நாளைலேர்ந்து பதினாலு தட்டையும் நீங்க அள்ளுங்க."

மேனேஜர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் உத்தரத்தைப் பார்த்தார்.

கடுவனைத் தூக்கியபோது அவன் அவள் முழங்கையில் நீளமாக ஒரு கோடு கிழித்தான். "சனியனே!" என்று சாமான் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறான், கொழுத்துப்போய். மேனேஜர் இதுவரை எழுத்தில் அனுமதி தரவில்லை. அவள் கேட்கவுமில்லை.