பூட்டாமல் விட்ட ஒரு வாரம்

சுனாமி வீடுகளுக்குப் பட்டியல் போடும் கல்முனை அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். அங்கே கணினி திருத்த வந்தவர், கைலேஞ்சித் துணியால் விசைகளைத் துடைக்காமல் தொடமாட்டார். விலக்கப்பட்ட மேனேஜர், தன் வீட்டிலிருந்தே எங்கள் கணினிக்குள் நுழைந்து பட்டியலில் பெயர்களை வெட்டுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கணினிக்காரர் ராத்தா என்று அழைக்கும் அவருடைய அக்கா கூடாரத்தில் இருந்தார்; அந்தப் பெயரும் வெட்டுப்பட்டிருந்தது.

"பாஸ்வேர்ட் என்ன தம்பி?"

"786. பரக்கத்துக்கு, நல்லது நடக்கட்டுமெண்டு வெச்ச, நானா."

"ஊரில எல்லா ஒபிசிலயும் அதுதான். கள்ளனுக்கும் பரக்கத்துதான்."

மென்பொருளைப் புதுப்பித்து, மேனேஜர் நுழையும் வழியை உடனே பூட்டச் சொன்னேன்.

"இப்ப பூட்டினா ஆள் தப்பிருவான். பேர்களயும் திருப்பிப் போட வாணாம், உஷாராகிருவான். ஒரு கிழம வந்து போகட்டும். எல்லாத்தயும் பதிஞ்செடுப்பம்."

எட்டாம் நாள், அந்தப் பதிவுகளால் மேனேஜர் பொலிசில் மாட்டினார். பிறகுதான் இவர் புதுப்பித்துப் பூட்டினார். ஆனால் ஏழாம் நாளே மேலிடம் அவசரப்பட்டு, வெட்டுப்பட்ட பட்டியலையே வாங்கிக்கொண்டு போயிருந்தது.

"ராத்தாட பேர்?" என்று கேட்டேன்.

"அடுத்த பட்டியல்ல வரும்." விசைகளைத் துடைத்தார். "பொலிசில அவன்ட முகத்தப் பாத்தீங்களா தம்பி?"

சிரித்தார். அந்த ஒரு வாரத்தை ராத்தாவிடம் கேட்டுத்தான் எடுத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.