அழிக்கும் முன் கேள்

என் வீட்டுக்காரருக்கு எதிலும் நொட்டை சொல்வதால் அலுவலகத்தில் நொட்டை என்றே பெயர். வீட்டிலும் அதே குணம்தான். இருமல் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தால், குடிப்பதற்கு முன் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "தேவைப்படும்போது ஒரு மூடியாம். தேவையா இல்லையான்னு யார் சொல்றது?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். நானா எழுதினேன்?

அவர் வேலையே அதுதான். மருத்துவமனை, கடை, பள்ளிக்கூடம் என்று எல்லாருடைய விவரங்களும் எங்கோ குளிரூட்டிய அறைகளில், சர்வர் என்கிற பெரிய கணினிகளில் இருக்கின்றன. முன்பு அவற்றை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஏஜென்ட் என்கிற செயற்கை அறிவு பார்த்துக்கொள்கிறது. அதன் கையில் நிறையக் கருவிகள்: நிறுத்த ஒன்று, நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று. எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிக் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை நம்பித்தான் ஏஜென்ட் கருவியைத் தொடும். சோதனைக்கென்றே வைத்திருக்கும் சர்வர்களில் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து, குறிப்பைப் படித்துச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவது இவர் வேலை.

ஒரு முறை ‘மறுபடி தொடங்கும்’ என்று மொட்டையாக எழுதியிருந்த குறிப்பை நம்பி, சிக்கிக்கொண்ட ஒரு சின்ன மென்பொருளுக்காக முழு சர்வரையும் நிறுத்தித் தொடங்கிவிட்டதாம் அது. "எதைன்னு சொல்லலைன்னா அது என்ன பண்ணும், பாவம்?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதற்கு வக்காலத்து வாங்கினார். பெற்ற பிள்ளைகளுக்காகக்கூட அப்படிப் பேசியதில்லை.

அவர் பிராணனை வாங்கியது துப்புரவுக் கருவி. பழைய நகல்களை அழித்து இடத்தை மீட்பது. அதன் குறிப்பில் கடைசி வரியை இவரேதான் சேர்த்திருந்தார்: ‘அழிக்கும் முன் பொறுப்பாளரைக் கேள்.’ ஏஜென்டும் ஒழுங்காகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. ஏஜென்ட் பாதியில் நின்று ஆளைக் கேட்டால் வேலை முடியவில்லை என்பது அவர்கள் அலுவலகக் கணக்கு, மதிப்பெண் கிடையாது. சோதனை சர்வர்களில் இருந்த பழைய நகல்களோ அவர்களே கொட்டி வைத்த குப்பை. குப்பையைக் கொட்டட்டுமா என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"நொட்டை, உன் ஒரு வரியால நம்ம மார்க் படுத்துக் கிடக்கு," என்று மேலாளரம்மா குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இவர் அந்த வரியை எடுத்துவிட்டார். திருத்திய குறிப்புதான் வாடிக்கையாளர்களின் சர்வர்களுக்கும் போனது. மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. கைதட்டினார்களாம். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அந்தச் சமயம் அவருடைய அக்கா கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். லாரி ஓட்டியவர்; எனக்கு அவர் டிரைவர் அண்ணன், அக்கா அண்ணி. கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு திட்டம் போட்டு மருத்துவமனை சர்வரில் வைத்திருப்பார்கள். நடுவில் விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணி ஒரு நாள்கூட விடாமல் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

அந்த மருத்துவமனையில் திட்டங்களைச் சேமித்திருந்த மூல வட்டு பழுதாகி, புதியது வரும்வரை பழைய நகலை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இடம் நிறைந்தது. அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜென்ட் துப்புரவுக் கருவியை எடுத்தது. பழைய நகல் என்றுதான் அதற்குப் பெயர் போட்டிருந்தது. அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று செய்தியும் அனுப்பியது.

எல்லா நோயாளிகளுக்கும் முதலிலிருந்து திட்டம் போட வேண்டியதாயிற்று. டிரைவர் அண்ணன் முறை வருவதற்குள் குரல் போய், தண்ணீர்கூட இறங்காமல் போனது. அப்புறம் அவரே போய்விட்டார். கதிர்வீச்சு நடுவில் நின்று போனதால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த மருத்துவமனை தங்கள் வாடிக்கையாளர் என்பது இவருக்கு விசாரணை வந்தபோதுதான் தெரியும். அன்றே அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார். வீட்டில் என்னிடம் மட்டும் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அண்ணி ஒரு பையோடு வந்தார். டிரைவர் அண்ணனின் நல்ல சட்டைகள்.

"உனக்கு அளவா இருக்கும்டா. போட்டுக்கோ," என்று தம்பியின் தோளில் ஒன்றை வைத்துப் பார்த்தார். கை அப்படியே நின்றது. "ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரே தானா அழிச்சிடுச்சாமே. ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம்ல அது? அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை."

வாயைத் திறக்காதீர்கள் என்று நான் இவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேக்கச் சொல்லித்தான்கா எழுதியிருந்தேன். அதுவும் கேட்டுச்சு. மார்க் வரலைன்னு நான்தான் அந்த வரியை எடுத்துட்டேன்."

அண்ணிக்குப் புரியவில்லை. என்ன வரி, என்ன மார்க் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"எடுத்தப்புறம் எவ்வளவு வந்துச்சு?" என்றார் அண்ணி.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு."

அண்ணி தலையை ஆட்டினார். தம்பியின் தோளிலிருந்த சட்டையை எடுத்து மடித்து, பையில் மற்றவற்றோடு வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.