லாரியில் இடமில்லை என்று சொன்னவள்

கல்யாணமாகிச் சென்னைக் கல்மண்டபத்துக்கு வந்த புதிதில், டிராம் வண்டியின் மணிச்சத்தம் கேட்டாலே தங்கபுஷ்பம் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிடுவாள். அவள் நாசரேத் பக்கத்துப் பெண். கணவர் ராசையாவுக்கு ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம். அந்தப் பட்டணத்தை அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாரியப்பனின் மனைவி.

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கவும், கூட்டத்தில் இடித்துக்கொண்டு டிராமில் ஏறவும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். குழாயடியில் இருவரும் சிரிக்கிற சிரிப்பில், துறைமுகத்துச் சங்கு ஊதுவதுகூடக் காதில் விழாது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு மாவு இடிக்கப் பச்சையம்மா வந்துவிடுவாள்.

"இன்னாக்கா, உங்க சாமிக்கு செய்றியா, எனுக்கு செய்றியா?" என்று கேட்டுக்கொண்டே பாதியைத் தின்றுவிடுவாள்.

அந்த நாட்களை நினைத்தால், பிற்காலத்தில்கூட தங்கபுஷ்பத்துக்கு வறுத்த பயறு மாவின் வாசனை வந்துவிடும். அதற்குப் பின்னாலேயே அந்தச் சித்திரை மாதமும் வரும்.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ராசையா எங்கெங்கோ அலைந்து ஒரு லாரி பிடித்து வந்தார். சாமான்களெல்லாம் ஏறின. தங்கபுஷ்பத்தின் அம்மா சீதனமாகக் கொடுத்த தேக்குக் கட்டிலும் ஏறியது. பச்சையம்மா நிறைமாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"யக்கா, எங்க வூட்டுக்காரர உடமாட்டேன்றாங்க, துறைமுகத்துல வேல கீதாம். நா மட்டும் வந்துர்றேன்க்கா. ஒரு ஓரமா குந்திக்கிறேன்."

"கட்டில எறக்கிட்டா ரெண்டு பேரு உக்காரலாமே," என்றார் ராசையா.

தங்கபுஷ்பம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, "இடமில்லட்டி பச்ச. அடுத்த லாரி வரும்லா," என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

பயம் தணிந்து ஊரிலிருந்து திரும்பியபோது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. குழாயடியில்தான் செய்தி தெரிந்தது. பச்சையம்மா ஜனங்களோடு சேர்ந்து செங்குன்றத்துப் பக்கம் நடந்தே போயிருக்கிறாள். வழியில் வலி எடுத்து, சாலையோரப் புளியமரத்தடியில் பிரசவம். பிள்ளை தங்கவில்லை. அவள் எண்ணூர் பக்கத்துக் கத்திவாக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். மாரியப்பனும் அங்கேயே போய்விட்டான்.

அன்றிலிருந்து தங்கபுஷ்பம் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. முதுகுவலி என்று சொல்லிப் பாயை விரித்துக்கொண்டாள். கோயிலுக்குப் போவாள், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது தலைவலி என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாள். எண்ணூர் ரயில் கல்மண்டபத்தைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் போகவேண்டும் என்று தோன்றும். எந்த முகத்தோடு போவது? சுதந்திரம் வந்தது, மூத்த மகள் ஞானசெல்வி பள்ளிக்கூடம் முடித்தாள், கடை பெரிதாயிற்று. அவள் போகவில்லை.

புதிதாக வந்த போதகர் ஹென்றி, திருவிருந்துக்கு வராத முகத்தைக் கவனித்துவிட்டார். ஒரு நாள் வீடு தேடி வந்து மெதுவாகக் கேட்டார். கணவரிடமும் பேசாத அந்தக் கதையை அவள் ஒரு மூச்சில் கொட்டி அழுதாள்.

"இயேசு என்னைய மன்னிப்பாராய்யா?"

"மன்னிச்சாச்சும்மா. சிலுவையில தொங்குனது வேற எதுக்கு?" என்றார் போதகர். "ஆனா அந்தப் பொண்ணு அழுத அழுகை பாக்கி இருக்கே. அதை நீங்க போய் உங்க காதால கேக்கணும். கூட இயேசு வருவாரு, பயப்படாதீங்க."

மறுநாளே ரயில் ஏறினாள். எண்ணூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து மணலில் நடந்தாள். குடிசை வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்தாள். கன்னம் ஒட்டி, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"பச்ச, நான் உனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பச்சையம்மா எழுந்துவிட்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு வந்த? கட்டிலு சொகமா கீதா?" அவள் போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். சாலையில் கிடந்ததை, தண்ணீர் கேட்டுக் கதறியதை, சேலைத் தலைப்பைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றியதை ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டினாள். தங்கபுஷ்பம் மணலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று உள்ளுக்குள் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

திட்டித் திட்டிப் பச்சையம்மாவின் குரல் கம்மிவிட்டது. அப்படியே உட்கார்ந்தாள்.

"லாரிய நா எப்பவோ மறந்துட்டேன்க்கா. அல்லாருக்கும் உசுரு பயம். நீ திரும்பி வந்துட்டேன்னு கேட்டதும் தெனம் வயியப் பாத்தேன். இன்னாடி, எப்பிடிக்கீறன்னு ஒரு வார்த்த கேக்க வருவேன்னு பாத்தேன். வரலியே நீ."

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குற்றம் குற்றம் என்று இத்தனை வருஷம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பச்சையம்மாவைப் பார்க்கவில்லை.

"என்னைய மன்னிச்சிருட்டி," என்று காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னிப்புலாம் எனுக்குத் தெரியாதுக்கா. ஒன்னத் திட்ட இனிமே எங்கிட்ட ஒண்ணுமில்ல, அவ்ளோதான்." பச்சையம்மா மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே இருந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். "எம்மே, ஒரு சொம்பு தண்ணி குடு. அக்கா வெயில்ல வந்துகீது."

தண்ணீர் குடித்த பிறகு தங்கபுஷ்பம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பிள்ளைக்குப் பேரு வச்சியா?"

"பொம்பளப் புள்ள. பூமாரின்னு கூப்ட்டேன். ஒரு பொயுது இருந்துச்சி."

அந்த ஞாயிறு தங்கபுஷ்பம் எழுந்து போய் முழங்காலில் நின்று திருவிருந்து வாங்கினாள். பூமாரி என்ற பேரை முதல்முறையாக ஜெபத்தில் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து, பூமாரி பிறந்த இடத்தைத் தேடி இருவரும் செங்குன்றம் பஸ்ஸில் போனார்கள். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். வரிசையாகப் புளியமரங்கள். பச்சையம்மா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எதுன்னு தெரியலக்கா. அல்லாம் ஒரே மாரி கீது."

"பரவால்லட்டி, இங்கனயே உக்காருவோம்," என்றாள் தங்கபுஷ்பம்.

ஒரு மரத்தடியில் பச்சையம்மா கற்பூரம் கொளுத்தினாள். தங்கபுஷ்பம் கண்ணை மூடி ஜெபித்தாள். பிறகு கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த பஸ் வர நேரமிருந்தது.