படகில் பேசக்கூடாது என்றார்

மகள் திருமணமாகி வெளிநாடு போன பிறகு, ஹாலிஎல வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. நடத்திவந்த கடையை நிரந்தரமாக மூடியதும், மீன் பிடிக்கப் போகலாம் என்றார் அவர். ஞாயிறுதோறும் மகியங்கனைப் பக்கத்துக் குளமொன்றில் வாடகைப் படகெடுத்துத் தூண்டில் போட்டோம். படகில் பேசக்கூடாது, மீன் ஓடிவிடும் என்பது அவருடைய விதி.

ஒரு ஞாயிறு, படகில் தேங்கியிருந்த மழைநீரை வெளியேற்ற, பின்புறத் துளையின் தக்கையைக் கரையில் வைத்துக் கழற்றினார். திரும்பப் பொருத்த மறந்துவிட்டார். நடுக்குளத்தில் என் கால் நனைந்தது. மிச்ச மழைநீர் என்று நினைத்தேன். கணுக்காலுக்கு ஏறியபோதும் அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தேன். வீட்டில் எத்தனையோ விஷயங்களைச் சொல்லாமல் விடுவது போல இதையும் விட்டேன்.

கால் நனைந்து அவரே திரும்பினார்.

“ஐயோ, இவ்வளவு தண்ணி! சொல்ல மாட்டியா?”

“பேசாதன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அதுக்காக ரெண்டு பேரும் முழுகுறதா?”

இருவருக்கும் நீச்சல் தெரியாது. தக்கை அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை அழுத்திச் செருகினார். நான் சோற்று டப்பாவால் தண்ணீரை இறைத்தேன். எப்படியோ கரை சேர்ந்தோம்.

இப்போது மிதவை அங்கி அணியாமல் ஏறுவதில்லை. தக்கையை நானே செருகி, “அடைச்சாச்சுங்க” என்று உரக்கச் சொல்கிறேன். அவர் “சரிம்மா” என்ற பிறகே படகு நகரும். தண்ணீரில் நான் பேசிக்கொண்டேயிருக்கிறேன். அவரும் பதில் சொல்கிறார். மீன் குறைவுதான். திரும்பும் பஸ்ஸில்தான் இன்னும் பேச்சு வருவதில்லை.